எத்தனை லுமென் என்று கேட்காதே

அன்புள்ள தம்பிக்கு,

ஏனாத்தூர்க்காரன் அலையைப் பார்க்கவே கோவளமோ மாமல்லபுரமோ போக வேண்டும். நீ புதுச்சேரியில் ஸ்கூபா கற்று, ராத்திரி டைவ் வரைக்கும் வந்துவிட்டாய். 5,000 லுமென் டார்ச் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்.

லுமென் என்பது டார்ச் கொட்டுகிற மொத்த ஒளியின் அளவு. அது எங்கே போய் விழுகிறது என்பதை அந்த எண் சொல்லாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று வண்டல் இறங்கினால் நம் பக்கத்துக் கடல் கலங்கிவிடும். அதில் அகலமாக விரியும் ஒளியை அடித்துப் பார். மிதக்கிற துகளெல்லாம் வெளிச்சத்தை உன் கண்ணுக்கே திருப்பும், எதிரே வெள்ளைச் சுவர்தான் நிற்கும். 10 டிகிரி அளவில் குவியும் டார்ச்சில் 1,000 லுமென் தாராளம். சைகைக்கும் அதுதான் தோது: மெதுவாக வட்டம் போட்டால் நலம், பக்கவாட்டில் வேகமாக ஆட்டினால் ஆபத்து. கூட்டாளியின் முகத்தில் மட்டும் அடித்துவிடாதே. விரிந்த ஒளி கேமராக்காரர்கள் சமாச்சாரம். அவர்களே விளக்கை லென்ஸிலிருந்து தள்ளித்தான் பிடிப்பார்கள்.

நிறம் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. 5 மீட்டர் தள்ளியிருக்கும் பவளத்துக்கு ஒளி போய்த் திரும்ப 10 மீட்டர். அதற்குள் சிவப்பில் பெரும்பகுதி கரைந்திருக்கும். உங்கள் வீட்டில் அரக்குச் சேலையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்ப்பார்களே, இங்கே சேலை வராது. நீதான் கிட்டே போக வேண்டும்.

பெட்டியில் ஐபிஎக்ஸ்8 என்று போட்டிருப்பதை நம்பி இறங்காதே. 1 மீட்டர் ஆழத்துக்கு மேல் தாங்கும் என்பதுதான் அதன் பொருள். எவ்வளவு மேல் என்பது தயாரித்தவர் சொல்கிற கணக்கு. 20 மீட்டரில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல மூன்று மடங்கு. 100 மீட்டர் என்று தெளிவாக எழுதியிருக்கிறதா பார்.

மிச்சமாகும் பணத்தில் சின்னதாக இன்னொரு டார்ச் வாங்கிக் கொக்கியில் மாட்டிக்கொள். பெரியது அணைந்தால் இதைப் போட்டு, கூட்டாளிக்குக் காட்டி, இருவரும் மேலே வந்துவிட வேண்டும். மீன் காத்திருக்கும்.

டார்ச் மூடியின் ரப்பர் வளையத்தில், அதாவது ஓ-ரிங்கில், ஒரு தலைமுடி சிக்கினாலும் உப்புத்தண்ணீர் உள்ளே போய்விடும். மூடும்முன் விரலால் தடவிப் பார். அந்தமானுக்கு விமானத்தில் போகும்போது உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும், முனைகளை மூடி. புது டார்ச்சை வீட்டில் சும்மா எரியவிட்டுச் சோதிக்காதே, சூடேறிக் கெட்டுப்போகும். வாளித் தண்ணீரில் முக்கி வைத்து, எத்தனை நிமிடம் எரிகிறது என்று குறித்து எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்