இழைப்பு யந்திரத்தின் அதிர்வும் அதனைத் தணிக்கும் முறையும்

தேனீப் பெட்டி, பழம் அடுக்கும் பெட்டி, குதிர்க் கதவு முதலியவற்றைச் செய்யும் பட்டறைகளில், பலகையை இழைப்பதற்கும் அதன் விளிம்பில் வளைவும் காடியும் வெட்டுவதற்கும் ஒரே யந்திரம் உபயோகப்படுவதுண்டு. இவ்யந்திரம் ஓடும்பொழுது அதிருமாயின் பலகையில் அலையலையாய்த் தழும்பு விழும், தாங்கிகள் விரைவில் தேயும், திருகுகள் தளரும். தளர்ந்த திருகினின்று கத்தி விடுபட்டுப் பாயுமாயின் அருகில் நிற்பவனுடைய உயிருக்கே அபாயமாகும். ஆகையால் அதிர்வைப் பொறுத்துக்கொண்டு வேலை செய்தல் தகாது. யந்திரத்தைத் தரையோடு மேலும் இறுக்கி வைப்பதும் பரிகாரமன்று. அதிர்வு பிறக்கும் இடத்தைக் கண்டு அங்கேயே திருத்துதல் வேண்டும்.

அதிர்வின் காரணம்: கத்திகளைத் தாங்கிய உருளை நிமிஷத்திற்கு 5,000 சுற்றுச் சுற்றுவதாகவும், அதன் ஒரு பக்கத்தில் மட்டும், மையத்தினின்று 40 மில்லிமீட்டர் தூரத்தில், 5 கிராம் எடை மிகுந்திருப்பதாகவும் கொள்க. அவ்வற்ப எடை, ஐந்தரைக் கிலோவிற்கு மேற்பட்ட பாரத்திற்குச் சமமான விசையுடன் உருளையை வெளிப்புறமாய் இழுக்கும். அவ்விழுப்பு விநாடிக்கு 83 முறை சுற்றிச் சுற்றி வரும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும்.

இடத்தைக் காணும் முறை: மின்சாரத் தொடர்பை நீக்கி, பெல்ட்டைக் கழற்றிய பின், மோட்டாரை மட்டும் தனியே ஓட்டிப் பார்க்க. அப்பொழுதே அதிர்ந்தால் குற்றம் மோட்டாரிலோ அதன் கப்பியிலோ உள்ளது. அதிராவிடில் பெல்ட்டை மாட்டி, மரம் செலுத்தாமல் யந்திரத்தை ஓட்டுக. இப்பொழுது அதிர்வு தோன்றினால் பெல்ட்டு, கப்பிகள், உருளை ஆகிய மூன்றையும் வரிசையாய்ச் சோதித்தல் வேண்டும். மரம் செல்லும்பொழுது மட்டும் அதிருமாயின் கத்தி மழுங்கியிருத்தலோ, வெட்டு மிக ஆழமாய் இருத்தலோ, பலகையை அழுத்தும் உருளைகள் தளர்ந்திருத்தலோ காரணமாகும்.

பெல்ட்டும் கப்பியும்: நெடுநாள் ஓடாதிருந்த பெல்ட்டு, கப்பியைச் சுற்றிய இடத்தில் வளைந்தபடியே இறுகிவிடும், ஓடும்பொழுது அவ்விடம் தட்டும். அதை மாற்றிவிடுதலே நலம். இரு கப்பிகளும் ஒரே நேரில் உள்ளனவா என்பதை நேரான சட்டம் ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும்.

கத்திகள்: கத்திகளை ஜோடியாகவே தீட்டி, நுண்ணிய தராசில் எடை ஒத்துப் பார்க்க வேண்டும். கனமான கத்தியைக் குறைக்க நேரின் அதன் முதுகில் தேய்க்கலாமேயன்றி வெட்டும் முனையைத் தொடலாகாது. கத்தியை இறுக்கும் கட்டைகளுக்கும் திருகுகளுக்கும் அடையாளமிட்டு, அவற்றை அவ்வவற்றின் இடத்திலேயே திரும்ப வைத்தல் வேண்டும். திருகுகளை முதலில் இலேசாகவும் பின்பு முழுவதும் இறுக்குக.

கத்திகள் சமமாய் நீட்டியிருத்தலும் முக்கியம். நிமிஷத்திற்கு 6 மீட்டர் பலகை செல்லும் யந்திரத்தில், இரு கத்திகள் பூண்ட உருளை 5,000 சுற்றுச் சுற்றினால், 12 மில்லிமீட்டர் நீளத்தில் 20 தழும்புகள் இருத்தல் வேண்டும். பத்தே காணப்பட்டால் ஒரு கத்தி தாழ்ந்து, மற்றொன்றே வேலை முழுவதையும் செய்கிறதென்று அறிக.

விளிம்பில் உருவம் வெட்டுவதற்கு ஒரே கத்தியைப் பூட்டும்பொழுது, எதிர்ப்பக்கத்தில் அதே எடையுள்ள கட்டை ஒன்றை அவசியம் பூட்டுதல் வேண்டும். உருவம் முழுவதையும் ஒரே முறையில் வெட்டாமல், சிறிது சிறிதாய்ப் பல முறை செலுத்தி வெட்டுக.

தாங்கியும் தரையும்: மின்சாரத் தொடர்பை நீக்கிவிட்டு உருளையை மேலும் கீழும் அசைத்துப் பார்க்க. ஆட்டம் கொடுத்தால் தாங்கியைப் புதுப்பித்தல் வேண்டும். யந்திரத்தின் நான்கு கால்களும் தரையில் சமமாய்ப் படிந்திராவிடில், குறைந்த காலின் கீழ் மெல்லிய தகடு வைத்த பின்பே ஆணிகளை முடுக்க வேண்டும். இல்லையெனில் சட்டம் முறுக்கிக்கொள்ளும். ரப்பர்த் திண்டு, அதிர்வு தரைக்குப் பரவாமல் தடுக்குமேயன்றி அதன் காரணத்தைத் தீர்க்காது.

கத்தி மாற்றிய ஒவ்வொரு முறையும், காப்பு மூடியை மூடி, உருளையின் நேருக்கு விலகி நின்று, மரமின்றி இரண்டு மூன்று நிமிஷம் ஓட்டிய பின்னரே வேலை தொடங்குதல் உத்தமம். அச்சிறு பொழுதில் புலப்படும் குற்றம் பலகையையும் காக்கும், தொழிலாளியையும் காக்கும்.