மன்னர் பள்ளத்தாக்கில் வெயிலும் நெரிசலும்: சமாளிக்கும் வழி

எகிப்தின் லக்சர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், பண்டைய மன்னர்களின் கல்லறைகள் உள்ள மன்னர் பள்ளத்தாக்கில் நிழல் குறைவு, கூட்டம் அதிகம்.

1. நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் செல்லவும். கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்.

2. காலையில் திறந்தவுடன் நுழையவும். சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிட்டால் கல்லறைகளின் குறுகிய பாதைகளில் நகரவே முடியாது. உள்ளே புழுக்கமும் கூடும்.

3. பார்க்க வேண்டிய கல்லறைகளை முன்பே தீர்மானிக்கவும். பொதுச் சீட்டுக்கு 3 கல்லறைகள்தான். துட்டன்காமுன், முதலாம் சேத்தி, ஆறாம் ராம்சேஸ் கல்லறைகளுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். துட்டன்காமுனின் கல்லறை சிறியது. 1922-இல் அங்கே கிடைத்த பொக்கிஷங்கள் கெய்ரோவுக்குப் போய்விட்டன. மம்மி மட்டும் அங்கேயே இருக்கிறது. ஓவியங்களே நோக்கம் என்றால் சேத்தியின் கல்லறைக்குச் செலவிடுவதே மேல்.

4. வழுக்காத காலணி அணியவும். சேத்தியின் கல்லறை 130 மீட்டருக்கு மேல் நீள்கிறது. இறங்கிய படிகள் அத்தனையையும் திரும்ப ஏற வேண்டும். மூட்டுவலி உள்ளவர்கள் இதைத் தவிர்க்கலாம்.

5. தண்ணீரும் தொப்பியும் கையோடு இருக்கட்டும். கல்லறைகளுக்கிடையே நடப்பது திறந்த வெயிலில்.

6. சுவர்களைத் தயவுசெய்து தொடாதீர்கள். 3,000 ஆண்டுகள் தாங்கிய வண்ணத்தைக் கைவியர்வையும் உராய்வும் உதிர்த்துவிடும்.