ஹைபிரிட் காரில் ரேடியேட்டர் ஒழுகினால்

பழைய ஹைபிரிட் கார் வைத்து கொடகவெல, இறக்குவானைப் பக்கம் ஹயர் ஓடும் தம்பிமாரே, இந்தப் பாடம் உங்களுக்கு.

முதலில் பவரை நிறுத்தி, சாவியைத் தூரமாக வையுங்கள். 'ரெடி' விளக்கு எரிந்தால், சத்தமில்லாமல் நிற்கும் காரிலும் என்ஜின் தானாக ஸ்டார்ட் ஆகும், கை போய்விடும். சூட்டோடு மூடியைத் திறந்தால் ஆவி சீறி முகம் வெந்துவிடும். நன்றாக ஆறட்டும்.

பிரியஸ் போன்ற கார்களில் கூலன்ட் போத்தல் இரண்டு உண்டு: ஒன்று என்ஜினுக்கு, மற்றது இன்வெர்ட்டருக்கு. எதில் குறைகிறது என்று பாருங்கள். இன்வெர்ட்டர் என்றால் ஆரஞ்சு நிற வயரைத் தொடவே வேண்டாம். அதில் உயர் மின்சாரம் ஓடுகிறது. ஹைபிரிட் வேலை படித்தவரிடம் கொடுங்கள்.

குழாய் மூட்டில் கசிந்தால் கிளிப்பை மாற்றினால் போதும். பழைய லொறியின் பித்தளை ரேடியேட்டருக்கு ஈயம் வைப்போமே, அது இதற்குச் சரிவராது. இது அலுமினியம், தொட்டி பிளாஸ்டிக். வெடித்தால் புதிதாகப் போடத்தான் வேண்டும்.

பீலித் தண்ணீரை ஊற்றி ஓட்டாதீர்கள். உள்ளே துருவும் உப்பும் படியும். வடித்த கூலன்டை லயத்துக் கானில் கொட்டாதீர்கள். அது இனிக்கும் நஞ்சு. பிள்ளைகளும் நாயும் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

சூட்டு விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சத் தூரம் என்று ஓட்டினால் என்ஜின் ஹெட் வளைந்து, மாதக்கணக்கில் உழைத்த காசு கராஜுக்கே போய்விடும்.