ஆயில் மாற்ற எத்தனை கிலோமீட்டர்?

வண்டிக்கு எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்ஜின் ஆயில் மாற்ற வேண்டும் என்று நான்கு பேரிடம் கேட்டால் நான்கு எண் வரும். தெருமுனை மெக்கானிக் 2,500 என்பார். சர்வீஸ் சென்டரில் 5,000 என்று ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்கள். மேனுவலில் 10,000 என்று அச்சடித்திருக்கும். சிந்தெடிக் ஊற்றினால் 15,000 வரை அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பார் அலுவலக நண்பர். இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. அந்த வண்டி நாள் முழுக்க என்ன செய்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

டிராக்டர் வைத்திருப்பவர்களைப் பாருங்கள். அவர்கள் ஆயில் மாற்றுவது என்ஜின் ஓடிய மணிநேரக் கணக்கில். ஜெனரேட்டருக்கும் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியின் கம்ப்ரசருக்கும் அப்படித்தான். நின்ற இடத்திலேயே ஓடும் என்ஜினுக்குக் கிலோமீட்டர் எங்கிருந்து வரும்? நகரத்துக் காரும் பைக்கும்கூடப் பாதி நேரம் நின்ற இடத்தில்தான் ஓடுகின்றன. ஓடோமீட்டர் நகராத அந்த நேரத்திலும் ஆயில் சூட்டில் கிடக்கிறது. அதனால் மேனுவல் எண்ணை எடுத்து, உங்கள் ஓட்டத்துக்கு ஏற்பக் குறைத்துக்கொள்வதுதான் சரியான வழி. பெரும்பாலும் குறைக்கத்தான் வேண்டியிருக்கும். கூட்ட வேண்டிய சந்தர்ப்பம் அநேகமாக வராது.

மேனுவலில் என்ன பார்ப்பது

பராமரிப்பு அட்டவணையில் ஆயிலுக்கு எதிரே இரண்டு எண்கள் இருக்கும்: ஒன்று கிலோமீட்டர், இன்னொன்று மாதம். எது முந்துகிறதோ அது. இந்தியாவில் விற்கும் பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 10,000 கி.மீ. அல்லது 12 மாதம். சில நிறுவனங்கள் 15,000 வரை தருகின்றன. பைக்குகளில் 3,000 முதல் 6,000 வரை பரவலாக இருக்கிறது, ஒரு சிலவற்றில் 10,000. புது வண்டியின் முதல் ஆயில் மாற்றம் இதில் சேராது. அதற்கு மேனுவல் தனியாகச் சொல்லும் கெடுவைத் தள்ளிப்போடாதீர்கள்.

பைக் அட்டவணையில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு கட்டத்தில் 'டாப்-அப்' என்றும் அடுத்த கட்டத்தில் 'மாற்று' என்றும் எழுத்துக் குறியீட்டில் போட்டிருப்பார்கள். டாப்-அப் செய்யவேண்டிய இடத்தில் முழு ஆயிலையும் மாற்றிவிட்டால் காசு வீண். மாற்ற வேண்டிய இடத்தில் டாப்-அப்போடு விட்டால் என்ஜினுக்குக் கேடு. குறியீட்டின் விளக்கம் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும்.

அதே பொடி எழுத்தில்தான் இன்னொரு முக்கியமான வரியும் இருக்கும்: கடுமையான பயன்பாடு என்றால் இன்னும் சீக்கிரம் மாற்றவும். குறுந்தூர ஓட்டம், தூசி, நெரிசல், நீண்டநேர ஐடிலிங், அதிக பாரம் என்று அந்தப் பட்டியல் போகும். படித்துப் பார்த்தால் சென்னை வேளச்சேரியிலோ கோவை காந்திபுரத்திலோ தினமும் வண்டி எடுக்கும் யாரும் அதிலிருந்து தப்ப முடியாது என்று தெரியும்.

உங்கள் ஓட்டத்தைக் கணக்குப் போடுங்கள்

புதிய கார்கள் பலவற்றில் மீட்டரிலேயே சராசரி வேகம் தெரியும். அதைக் கவனியுங்கள். நெடுஞ்சாலையும் ஊரும் கலந்து ஓடும் காருக்கு மணிக்கு 40 கி.மீ. சராசரி என்று வைத்துக்கொண்டால், 10,000 கி.மீ. என்பது 250 மணிநேர ஓட்டம். அதே கார் சென்னைக்குள் 15 கி.மீ. சராசரியில் ஊர்ந்தால் 10,000 கி.மீ.க்கு ஏறத்தாழ 667 மணிநேரம் ஆகிறது. ஓடோமீட்டர் காட்டுவது ஒரே எண்தான். ஆயில் உழைத்ததோ இரண்டரை மடங்குக்கும் மேல். ஐடிலிங்கில் பாரம் குறைவு என்பதால் ஒரு மணிநேர ஐடிலிங்கை ஒரு மணிநேர ஓட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மேனுவல் எண்ணைப் பாதியாக்கி 5,000 கி.மீ. வைத்துக்கொள்வது நியாயமான நடுவழி. ஏசி போட்டுக்கொண்டு சவாரிக்குக் காத்திருக்கும் கால் டாக்ஸிகளுக்கு இது கட்டாயம்.

நெரிசலைவிட ஆயிலைக் கெடுப்பது குறுந்தூர ஓட்டம். வீட்டிலிருந்து கடைக்கு இரண்டு கிலோமீட்டர், அங்கே அணைத்து, அரைமணி கழித்துத் திரும்புவது. டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்தாலும் ஆயில் முழுச் சூடு அடைய இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும். சூடாகாத என்ஜினில் எரியாத பெட்ரோல் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் கலக்கிறது. எரிதலில் உண்டாகும் நீராவியும் உள்ளேயே தங்குகிறது. நீண்ட தூரம் ஓடினால் இரண்டும் ஆவியாகிப் போய்விடும். குறுந்தூரத்தில் போகாது, சேர்ந்துகொண்டே வரும். தாத்தா ஸ்கூட்டர் வருஷத்துக்கு 1,500 கி.மீ.தான் ஓடுகிறது, எதற்கு ஆயில் மாற்றுவது என்பவர்களுக்கு இதுதான் பதில். அந்த வண்டிக்கு மாதக் கணக்குதான் சட்டம். ஒன்பது மாதத்திலேயே மாற்றினாலும் தவறில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் மூடிபோட்டு நிறுத்திய காருக்கும் வருஷம் ஒருமுறை மாற்றத்தான் வேண்டும்.

உணவு டெலிவரி பைக்கின் கதை வேறு. என்ஜின் நாள் முழுக்கச் சூடாகவே இருப்பதால் தண்ணீர், பெட்ரோல் கலக்கும் தொல்லை குறைவு. ஆனால் ஒரு நாளைக்கு 120 கி.மீ. ஓடினால் 6,000 கி.மீ. ஐம்பதே நாளில் வந்துவிடும். அவர்களிடம் மாதக்கணக்கு பேசிப் பயனில்லை.

எப்போதாவது கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருவதெல்லாம் கடுமையான பயன்பாட்டில் சேராது. தினமும் லோடு ஏற்றி மலை ஏறும் வண்டிதான் சேரும். செங்கல் சூளை, கல்குவாரி ஓரத்து மண்ரோடுகளில் ஓடினால் ஆயிலோடு ஏர் ஃபில்டரையும் சீக்கிரம் பார்க்க வேண்டும். தூசி உள்ளே போகும் வாசல் அதுதான்.

பைக்குக்குக் கறார், காருக்குக் கொஞ்சம் தளர்வு

பைக்கில் இருப்பதே ஒரு லிட்டருக்கு முன்பின். பெரும்பாலான கியர் பைக்குகளில் அந்த ஒரே ஆயில்தான் என்ஜினையும் கியர்பாக்ஸையும் கிளட்ச்சையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது. கியர் பற்கள் நசுக்க நசுக்க ஆயிலின் பிசுபிசுப்பு குறையும். கியர் முன்புபோல் இலகுவாக விழவில்லை, நியூட்ரல் கிடைக்கத் தடுமாறுகிறது என்றால் கெடு வரும் முன்பே மாற்றிவிடலாம். செலவும் சில நூறு ரூபாய்தான். மூன்று நான்கு லிட்டர் சிந்தெடிக்கும் ஃபில்டரும் வாங்க வேண்டிய காருக்கு அப்படி அவசரப்படத் தேவையில்லை. நெடுஞ்சாலையிலேயே ஓடும் காருக்கு 10,000 என்று மேனுவல் சொன்னால் 10,000 வரை நிம்மதியாக ஓட்டலாம். அமெரிக்காவில் 3,000 மைலுக்கு ஒருமுறை என்ற பழைய பழக்கம் விடாமல் தொடர்ந்ததால், மேனுவலைப் பாருங்கள் என்று கலிபோர்னியா அரசே பிரசாரம் செய்ய வேண்டிவந்தது. நம் ஊர் ஸ்டிக்கர்களும் அதே ரகம்தான்.

சிந்தெடிக் ஆயில் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். உண்மை. ஆனால் அதில் கலக்கும் பெட்ரோலும் கரியும் தூசியும் குறையப்போவதில்லை. கெடுவை அதற்காக இரட்டிப்பாக்காதீர்கள். விலையைவிடக் கேனில் இருக்கும் எழுத்துகள் முக்கியம்: 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற கிரேடு மேனுவலோடு ஒத்துப்போக வேண்டும். கியர் பைக் என்றால் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2, ஸ்கூட்டர் என்றால் பெரும்பாலும் எம்பி. மிச்சம் இருக்கிறதே என்று கார் ஆயிலை பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கலாம். ஸ்கூட்டரின் பின்சக்கரப் பக்கம் கியர் ஆயில் தனியாக 100 மில்லி அளவில் இருக்கிறது; பல கடைகளில் அதைத் தொடுவதே இல்லை. கேட்டு மாற்றச் சொல்லுங்கள்.

இடையில் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள்

எந்தக் கெடு வைத்தாலும் காருக்கு மாதம் ஒருமுறை, பைக்குக்கு இரு வாரத்துக்கு ஒருமுறை ஆயில் அளவு பார்க்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடம் பொறுத்து, ஆயில் அளவு காட்டும் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். பைக் என்றால் சென்டர் ஸ்டாண்ட் அல்லது வண்டியை நிமிர்த்திப் பிடித்தபடி. பல பைக்குகளில் ஸ்டிக்கைத் திருகாமல் அப்படியே வைத்துத்தான் அளக்க வேண்டும். உங்களுடையது எப்படி என்று மேனுவலில் படம் இருக்கும்.

"கறுத்துப்போச்சு சார், மாத்திடலாம்" என்று ஸ்டிக்கைக் காட்டுவார்கள். நிறம் சாட்சி ஆகாது. டீசல் என்ஜினில் ஊற்றிய சில நாளிலேயே ஆயில் கறுக்கும். கரியைப் படியவிடாமல் தன்னோடு வைத்துக்கொள்வது அதன் வேலை. சிஎன்ஜி வண்டியில் நேர்மாறு, ஆயில் தெளிவாகவே தெரியும், உள்ளே சூட்டில் தேய்ந்திருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது அளவு. குறைந்தால் ஊற்றலாம், எங்கே போகிறது என்று தேடலாம். அளவு ஏறினால்தான் கவலை. 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்-6 டீசல் கார்களில், புகைபோக்கி ஃபில்டரில் சேரும் கரியை எரிக்கக் கூடுதல் டீசல் தெளிக்கப்படுகிறது. ஊருக்குள்ளேயே ஓட்டினால் அந்த எரிப்பு பாதியில் நின்று நின்று, டீசல் ஆயிலுக்குள் இறங்கும். ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருந்து, மோந்து பார்த்தால் டீசல் வாடையும் அடித்தால் கெடுவை மறந்துவிட்டு உடனே மாற்றுங்கள்.

ஆயில் பால்காபி நிறத்துக்கு வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மட்டும் லேசாகப் படிந்திருந்தால் குறுந்தூர ஓட்டத்தின் ஈரமாக இருக்கலாம். ஸ்டிக்கிலேயே அப்படித் தெரிந்தால் கேஸ்கட் கோளாறாக இருக்கக்கூடும், வண்டியை எடுக்காதீர்கள். சென்னையில் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்கள் போல வண்டி மூழ்கினால் ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் ஒரே ஸ்டார்ட்டில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கட்டி இழுத்துப்போய், சிலிண்டரில் தண்ணீர் இல்லை என்று உறுதிசெய்து, ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய பிறகே சாவி. கொஞ்சம் ஓடியதும் இன்னொரு முறை மாற்றினால் மிச்ச ஈரமும் வெளியேறும்.

மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். காருக்கு ஃபில்டரும் டிரெயின் போல்ட் வாஷரும் புதிதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேனின் சீலை உங்கள் முன் உடைக்கச் சொல்லுங்கள். காலிக் கேனை ஓட்டை போட்டுவிட்டால் அதில் போலி ஆயில் நிரப்பி யாரும் விற்க முடியாது. வாரன்டி இருக்கும்வரை பில் பத்திரம். பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்ற வேண்டாம். நம் ஊரில் சென்ட்ரிங் பலகைக்கும் கரையானுக்கும் அதைக் கேட்டு வாங்கிப் பூசுகிறார்கள். அந்தக் கறுப்பு ஆயில் தோலுக்கு ஆகாது, சட்டப்படியும் அபாயக் கழிவு. சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிட்டு, அன்றைய தேதியையும் ஓடோமீட்டர் எண்ணையும் மேனுவலின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு கிளம்புங்கள்.