அளந்தறிதலும் ஆற்றுப்படுத்தலும்
(வங்கதேசத் தொண்டுப் பணி ஒன்றனை முன்வைத்து)

தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளை எடுத்துப் பார்க்குங்கால் அவற்றில் எண்களுக்குக் குறைவிராது. நடத்திய முகாம்கள் இத்தனை, வழங்கிய துண்டறிக்கைகள் இத்தனை, கூடிய மக்கள் இத்தனை பேர் எனப் பக்கங்கள் நிரம்பியிருக்கும். நம் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட அறிக்கைகளும் இதற்கு விலக்கல்ல. முகாம் முடிந்து மாணவர் திரும்பிய பின்னர் அச்சிற்றூரில் என்ன மாற்றம் நிகழ்ந்தது என்னும் வினாவுக்கு மட்டும் விடை இராது. செய்த பணியின் அளவு வேறு. அதனால் விளைந்த பயனின் அளவு வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிந்து, பயனை அளந்து, அதன்வழிப் பணியாளரை உடனிருந்து பயிற்றி உயர்த்தும் முறையைத் தொண்டுத்துறையினர் இன்று பெரிதும் வலியுறுத்துகின்றனர்.

இப்பயிற்றுமுறையை ஆங்கிலத்தார் ‘கோச்சிங்’ என்பர். நம் நாட்டில் அச்சொல் தேர்வுக்கான தனிப்பயிற்சி வகுப்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. தமிழில் ‘ஆற்றுப்படுத்தல்’ என்பது இதற்குப் பொருந்தும் எனக் கருதுகிறோம். வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் பாணன், வழியிற் கண்ட வறிய பாணனுக்குத் தான் சென்ற நெறியையும் பெற்ற வளத்தையும் கூறி வழிப்படுத்துவது ஆற்றுப்படை. தான் பெறாத ஒன்றுக்குப் பிறரை ஆற்றுப்படுத்த இயலாது என்பது அதனுள் அடங்கிய நுட்பம். ஈண்டு நாம் காணப்போகும் வரலாற்றில் இந்நுட்பமே திருப்புமுனையாக அமைகிறது.

மூன்று விரல் உப்பும் ஒரு பிடி வெல்லமும்

வயிற்றுப்போக்கால் குழந்தைகள் இறப்பது பெரும்பாலும் உடலின் நீரும் உப்பும் வற்றிப்போவதாலேயாம். வெறும் நீரைப் புகட்டினால் குடல் அதனைப் போதிய அளவு ஏற்பதில்லை. உப்பையும் சர்க்கரையையும் உரிய அளவிற் கலந்து கொடுத்தால், சர்க்கரை உப்பைக் குடற்சுவரின் வழியே உள்ளே ஈர்க்க, உப்பைப் பின்தொடர்ந்து நீரும் செல்கிறது. டாக்காவிலிருந்த காலரா ஆய்வகத்தில் டேவிட் நேலின், ரிச்சர்ட் கேஷ் ஆகியோர் நிகழ்த்திய ஆய்வு 1968-இல் இதனை மருத்துவ உலகுக்கு உறுதிப்படுத்தியது. 1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்குவங்கத்தின் வன்காவ் ஏதிலியர் முகாமில் காலரா பரவிற்று. சிரைவழி ஏற்றும் மருந்துநீர் தீர்ந்த நிலையில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். ஏறத்தாழ நூற்றுக்கு முப்பதாக இருந்த இறப்பு நான்குக்கும் கீழாகக் குறைந்தது.

மருந்து கிடைத்துவிட்டது. ஆயினும் வீடுகளை அது எட்டவில்லை. மருத்துவமனைகள் தொலைவில் இருந்தன. பொட்டலங்களாகச் செய்து நாடு முழுதும் வழங்கும் வசதி அன்று இல்லை. தாய்மாருள் மிகப் பலர் எழுத்தறியாதவர். இந்நிலையில்தான் பிராக் என்னும் தொண்டு நிறுவனம் இப்பணியை மேற்கொண்டது. போரில் அழிந்த சிற்றூர்களின் மறுவாழ்வுக்கென 1972-இல் சுல்லா என்னும் நீர்சூழ் பகுதியில் ஃபஸ்லே ஹசன் ஆபித் அவர்கள் தொடங்கிய நிறுவனம் அது. அவர் இலண்டனில் கணக்காயர் கல்வி பெற்று, எண்ணெய் நிறுவனமொன்றில் நிதிப்பொறுப்பு வகித்தவர். கணக்கை எழுதுவதோடு நில்லாமல் அதனைத் தணிக்கை செய்யும் பழக்கம் தொண்டிலும் புகுந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

1979-இல் சுல்லாவில் முன்னோட்டம் நிகழ்ந்தது. 1980-இல் திட்டம் முழுமையாகத் தொடங்கிற்று. அரைச் சேர் நீர், மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம்: இதுவே கற்பிக்க வேண்டியது. அளவுகோல் தாயின் கையே. இளம்பெண்கள் குழுக்களாகச் சென்று, சமையலாள் ஒருவரோடும் ஆண் மேற்பார்வையாளர் ஒருவரோடும் ஊரில் தங்கி, வீடு வீடாக நுழைந்து கற்பித்தனர். மறவாது நினைவிற் கொள்ளவேண்டிய செய்திகளைப் பத்தாகத் தொகுத்து வாய்ப்பாடம்போல் சொல்லிக்கொடுத்தனர். பெண்கள் தனியே ஊர் ஊராகச் சுற்றுவதா என்னும் முணுமுணுப்பு எழாமலில்லை. எனினும் ‘ஆப்பா’, அதாவது அக்கா, என்று அழைத்து அவர்களை அடுக்களை வரை அழைத்துச் சென்றவர்கள் அவ்வூர்ப் பெண்களே.

ஊதியம் தாயின் விடையில்

இத்திட்டத்தின் மதிப்பீட்டு முறையைச் சற்று விரித்துக் கூறுதல் தகும். கற்பித்த பெண்ணுக்கு எத்தனை வீடு சென்றாள் என்பதைக் கொண்டு மட்டும் ஊதியம் வழங்கப்படவில்லை. ஏறத்தாழ ஒரு திங்கள் கழித்து வேறொரு கண்காணிப்பாளர் அவ்வூருக்குச் செல்வார். கற்பிக்கப்பட்ட வீடுகளில் சிலவற்றைக் குறிப்பின்றித் தெரிந்தெடுத்து, அத்தாயிடம் அப்பத்துச் செய்திகளைக் கேட்பார். கரைசலைச் செய்துகாட்டச் சொல்வார். கரைசலின் மாதிரி ஆய்வகத்துக்குச் சென்று அதன் உப்பின் அளவு சோதிக்கப்படும். இவற்றைக் கொண்டு தாய்க்குத் தரம் குறிக்கப்படும். அத்தரத்துக்கேற்பக் கற்பித்த பெண்ணுக்கு ஊதியம் அமையும். தாய் ஒன்றும் நினைவிற் கொள்ளவில்லையெனில் அவ்வீட்டுக்கு ஊதியமே இல்லை.

இது கடுமையானதன்றோ என ஐயுறலாம். மாணவன் தேர்ச்சிக்கேற்ப ஆசிரியருக்குச் சம்பளம் என்றால் நம்முள் எத்தனை பேர் உடன்படுவோம்! ஆயினும் இங்குப் பிழைக்கு விலை குழந்தையின் உயிர் என்பதை மறத்தலாகாது. உப்பு மிகுந்தால் கரைசலே நஞ்சாகும், குறைந்தால் பயனில்லை. அன்றியும், கற்பிப்பவரும் சோதிப்பவரும் வெவ்வேறு ஆட்கள். எவ்வீடு சோதிக்கப்படும் என்பதைக் கற்பித்தவர் முன்னரே அறியார். ஆகவே மெதுவாகக் கற்கும் தாயை விட்டு விரைவாகக் கற்பவளை மட்டும் நாடும் தந்திரம் இங்குச் செல்லாது. இவ்விரு காப்புகளும் இல்லாமல் ஊதியத்தை மட்டும் விளைவோடு பிணைத்திருந்தால் பொய்க்கணக்கே பெருகியிருக்கும் என்பது நம் துணிபு.

இச்சோதனை கற்பிக்கும் முறையையே மாற்றிற்று. தொடக்கத்தில் பணியாளரே கரைசலைச் செய்துகாட்டத் தாய் பார்த்திருந்தாள். அவ்வாறன்றித் தாயே தன் கையால், பணியாளர் முன்னிலையில் செய்தபோது நினைவு நன்கு நின்றது. பின்னர் அதுவே வழக்கமாயிற்று. நீரின் அளவு தவறாதிருக்க அவள் வீட்டுப் பாத்திரத்திலேயே அரைச் சேர் மட்டத்துக்கு ஒரு கோடு இடப்பட்டது.

தெரிந்தவர் பலர், செய்தவர் சிலர்

தாய்மார் நல்ல தரம் பெற்றனர். பணியாளர் நல்ல ஊதியம் பெற்றனர். பல நிறுவனங்கள் இவ்விடத்தில் அறிக்கை எழுதி விழா எடுத்திருக்கும். பிராக் இன்னொரு வினாவை எழுப்பிற்று: குழந்தைக்கு உண்மையாகவே வயிற்றுப்போக்கு வந்தபோது இத்தாய்மாருள் எத்தனை பேர் கரைசலைக் கொடுத்தனர்? விடை அதிர்ச்சி தந்தது. கொடுத்தவர் மிகச் சிலரே. அறிவை அளந்த கோல் பயன்பாட்டை அளக்கவில்லை.

இங்கே பணியாளரைத் தண்டித்திருக்கலாம், தாய்மாரைப் பழித்திருக்கலாம். அவற்றை விடுத்து, காரணம் அறிய ஆய்வாளரைச் சிற்றூர்களுக்கு அனுப்பினர். அவர்கள் கண்டவற்றுள் இரண்டு இன்றியமையாதவை. ஒன்று, கற்பித்த பெண்களே இக்கரைசலை முழுதாக நம்பவில்லை. தமக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது அவர்கள் மாத்திரையைத் தேடினர். உப்பும் வெல்லமும் உயிர் காக்கும் என்று வாய் சொல்லிற்று. முகம் அதற்குச் சான்று பகரவில்லை. அதனைத் தாய்மார் கண்டுகொண்டனர். பரிசில் பெறாத பாணன் வழிகாட்டினால் யார்தான் அவ்வழி செல்வர்?

எனவே பணியாளர்கள் டாக்காவின் காலரா மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். துவண்டு கிடந்த நோயாளிகள் அக்கரைசலைக் குடித்துத் தேறுவதைக் கண்ணாற் கண்டனர். அது குடலில் எவ்வாறு செயற்படுகிறது என்பதையும் கேட்டறிந்தனர். ஊர் மீண்ட பின்னர்த் தாயின் முன்னே தாமும் ஒரு வாய் பருகிக் காட்டினர். மேலும் பல சொற்பொழிவுகளால் ஆகாததை அவ்வொரு வாய் ஆக்கியது எனலாம். ஆற்றுப்படுத்தல் என்று நாம் கூறுவது இதனையே. குறையைச் சுட்டி மதிப்பெண்ணைக் குறைப்பது எளிது. குறையின் வேரைப் பணியாளரின் உள்ளத்தில் கண்டு, அங்கே அவருக்கு உதவுவது அரிது.

மற்றொன்று, வீட்டு ஆடவரை எவரும் கலந்துகொள்ளவில்லை. தம்மை விலக்கி நடந்த ஒரு பயிற்சியை அவர்கள் ஐயத்தோடு நோக்கினர். அடுக்களையில் கற்றது கணவன் முன்னும் மூத்தோர் முன்னும் மதிப்பிழந்தது. இதனையறிந்து ஆண் பணியாளர்கள் சந்தைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் பள்ளிவாசல்களிலும் ஆடவரைக் கூட்டி விளக்கினர். இவ்விரு திருத்தங்களுக்குப் பின் பயன்பாடு உயர்ந்தது. 1990-இல் திட்டம் நிறைவுற்றபோது ஏறத்தாழ ஒரு கோடியே இருபது இலட்சம் வீடுகள் எட்டப்பட்டிருந்தன. 2014-இல் அந்நாட்டில் நிகழ்ந்த மக்கள்நலக் கணக்கெடுப்பில், வயிற்றுப்போக்குற்ற குழந்தைகளில் பத்தில் ஏழுக்கு மேற்பட்டோர் நீரேற்றுக் கரைசல் பெற்றமை தெரியவந்தது. இடையில் மலிவான பொட்டலங்கள் கடைதோறும் வந்துவிட்டமையும் இதற்குத் துணைசெய்தது.

பலர் கூடும்போது

ஒரு நிறுவனம் தன் பணியாளரை அளப்பது ஒருவகை. பல நிறுவனங்கள் கூடிச் செய்யும் பணியை அளப்பது வேறுவகை. 1986 முதல் பிராக் தன் பணியைக் குழந்தை நலத் திட்டமாக விரித்து, அரசின் தடுப்பூசி இயக்கத்தோடு இணைந்தது. கேர் என்னும் நிறுவனமும் அவ்வியக்கத்தில் பங்குகொண்டது. ஊசி போடுவோர் அரசுப் பணியாளர். தாய்மாரைத் திரட்டுவோர் தொண்டு நிறுவனத்தார். 1980களின் நடுவில் முழுத் தடுப்பூசி பெற்றோர் நூற்றுக்கு இருவர் அளவே இருந்த நாட்டில், 1990களின் முதற்பாதியில் அது பாதிக்கு மேல் உயர்ந்தது.

இத்தகைய கூட்டமைப்பில் ஒருவர் மற்றவரின் ஊதியத்தைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. ஊர் வெறுங்கையோடு திரும்பினால், தாய்மார் வரவில்லை என ஊசி போடுபவரும், ஊசி வரவில்லை எனத் திரட்டியவரும் கூறுவர். ஆதலின் இங்கு முதற்கண் உடன்பட வேண்டியது, எதனை எண்ணுவது என்பதிலேயாம். கூட்டங்களை எண்ணினால் தொண்டு நிறுவனம் வெல்லும். அனுப்பிய மருந்துக் குப்பிகளை எண்ணினால் அரசு வெல்லும். ஓராண்டு நிரம்பிய குழந்தையின் அட்டையில் எல்லா ஊசிகளும் குறிக்கப்பட்டுள்ளனவா என்று எண்ணினால் இருவரும் ஒருசேர வெல்வர், அன்றி ஒருசேரத் தோற்பர். அவ்வெண்ணிக்கையையும் அவ்விருவரும் அல்லாத மூன்றாமவர் ஒருவர், சில வீடுகளைத் தாமே தெரிந்தெடுத்துச் சென்று எண்ணுதல் வேண்டும்.