ஆர்கேட் ஜாய்ஸ்டிக்: பார்த்து வாங்குங்கள், திறந்து மாற்றுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "பாக்மேன், டாங்கி காங் போன்ற பழைய ஆர்கேட் விளையாட்டுகளைக் கம்ப்யூட்டரில் விளையாட முடிகிறது. ஆனால் கீபோர்டில் அந்தச் சுவை வரவில்லை. ஜாய்ஸ்டிக் வாங்கினால் சரியாகுமா?"

சரியாகும். ஆனால் எல்லா ஜாய்ஸ்டிக்கும் எல்லா விளையாட்டுக்கும் பொருந்தாது. நல்ல விலை கொடுத்து வாங்கிய ஸ்டிக்கிலும் பாக்மேன் திருப்பத்தில் திரும்பாமல் நேராகப் போய்ப் பேயிடம் மாட்டிக்கொள்ளும். உடனே ஸ்டிக் மட்டம் என்று மூலையில் வைத்து விடுகிறோம். உண்மையில் குறை ஸ்டிக்கின் அடியில் உள்ள ஒரு சிறிய பிளாஸ்டிக் தகட்டில் இருக்கலாம். அதைத் திருப்பி வைக்க ஐந்து நிமிடம் போதும். எனவே பணம் செலவழிக்கும் முன் ஜாய்ஸ்டிக் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

உள்ளே என்ன இருக்கிறது?

ஆர்கேட் ஜாய்ஸ்டிக்கின் அடிப்பாகத்தைத் திறந்தால் நான்கு சிறிய மைக்ரோ சுவிட்ச்களைப் பார்க்கலாம். மேல், கீழ், இடது, வலது என்று திசைக்கு ஒன்று. நடுவில் ஓர் இரும்புத் தண்டு. அதை நடுநிலைக்குத் திருப்பிக் கொண்டுவர ஒரு ஸ்பிரிங். தண்டை ஒரு பக்கம் சாய்த்தால் அந்தத் திசைக்குரிய சுவிட்ச் அழுந்தும். 'கிளிக்' என்று கேட்கும் சத்தம் அதுதான். மூலைவாட்டில் சாய்த்தால் அருகருகே உள்ள இரண்டு சுவிட்ச்களும் சேர்ந்து அழுந்தும். அதாவது 8 திசை என்பது 4 சுவிட்ச்களின் வேலைதான்.

இந்தத் தண்டு எவ்வளவு தூரம், எந்த வடிவத்துக்குள் அசையலாம் என்பதைத் தீர்மானிப்பது அடியில் உள்ள பிளாஸ்டிக் தகடு. இதை 'கேட்' என்பார்கள். நாம் முதலில் சொன்ன தகடு இதுதான்.

4 திசையா, 8 திசையா?

1980-ல் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட பாக்மேன், 1981-ல் நிண்டெண்டோ வெளியிட்ட டாங்கி காங் இரண்டும் 4 திசை ஜாய்ஸ்டிக்குக்காக அமைக்கப்பட்டவை. அந்த இயந்திரங்களில் தண்டை மூலைவாட்டில் தள்ளவே முடியாது. இரண்டு திசைகள் ஒரே நேரத்தில் வரும் என்று எதிர்பார்த்து எழுதப்பட்ட விளையாட்டுகள் அல்ல இவை. வீட்டில் 8 திசை ஸ்டிக்கில் விளையாடும்போது நம் கை சற்றே மூலைப்பக்கம் சாய்ந்தாலும் இரண்டு சுவிட்ச்கள் அழுந்திவிடும். பாக்மேன் திருப்பத்தைத் தவறவிடுவதும், டாங்கி காங்கில் ஏணியருகே ஆள் ஏறாமல் நிற்பதும் இதனால்தான்.

1991-ல் காப்காம் வெளியிட்ட ஸ்ட்ரீட் பைட்டர் 2 இதற்கு நேர் எதிர். அதில் நெருப்புப் பந்து வீச, தண்டைக் கீழே தள்ளி, அப்படியே மூலைவாட்டில் உருட்டி, முன்பக்கம் கொண்டுவந்து குத்து பட்டனை அழுத்த வேண்டும். நடுவில் மூலைத்திசை வராவிட்டால் பந்து வராது. இதற்கு 8 திசை கட்டாயம் தேவை. மூன்று குத்து, மூன்று உதை என ஆறு பட்டன்களும் வேண்டும்.

ஆகவே ஸ்டிக்கைத் தேர்ந்தெடுக்கும் முன், நீங்கள் விளையாட நினைக்கும் ஐந்து விளையாட்டுகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். எல்லாம் சண்டை விளையாட்டுகள் என்றால் 8 திசை ஸ்டிக். எல்லாம் பாக்மேன் வகை என்றால் 4 திசை. இரண்டும் கலந்திருந்தால் கேட்டைத் திருப்பி வைக்கும் வசதியுள்ள லீவர். பெரும்பாலான வீடுகளுக்கு இந்த மூன்றாவது வகையையே நான் சிபாரிசு செய்வேன்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

* அடித்தட்டு ஸ்க்ரூவில் கழற்றக்கூடியதா? ஒட்டி மூடப்பட்ட ஸ்டிக்கில் ஒரு சுவிட்ச் போனால் முழு ஸ்டிக்கும் வீண். கழற்ற முடிந்தால் போன பாகத்தை மட்டும் மாற்றலாம்.

* லீவர் எந்த வகை? ஜப்பானிய வகையில் உருண்டைத் தலை, இலகுவான அசைவு. சான்வா நிறுவனத்தின் ஜேஎல்எப், செய்மிட்சு நிறுவனத்தின் எல்எஸ்-32 ஆகியவை பலரும் விரும்புபவை. அமெரிக்க வகையில் பேட் போன்ற நீளமான தலை; அழுத்தமும் சற்று அதிகம் வேண்டும். இதில் உயர்வு தாழ்வு இல்லை. விரல்களால் பிடிப்பவர்களுக்கு உருண்டையும், முழுக் கையால் பிடிப்பவர்களுக்குப் பேட் தலையும் வசதி.

* பட்டன் துளையின் அளவு என்ன? ஜப்பானிய பட்டன்களுக்கு 30 மி.மீ. துளை. ஸ்டார்ட் போன்ற சிறிய பட்டன்களுக்கு 24 மி.மீ. அமெரிக்க பட்டன்களுக்குச் சுமார் 28 மி.மீ. ஒன்றுக்காகப் போட்ட துளையில் மற்றது சரியாக உட்காராது.

* எடை போதுமா? இலேசான பெட்டி விளையாடும்போது மேஜையில் நகரும். கனமான அடித்தட்டும் ரப்பர் கால்களும் இருந்தால் நல்லது.

விளம்பரங்களில் 'ஜீரோ டிலே' என்ற பெயரில் லீவர், பட்டன்கள், யு.எஸ்.பி. போர்டு எல்லாம் சேர்த்து ஒரே தொகுப்பாக விற்கிறார்கள். அது ஒரு வியாபாரப் பெயர். தாமதமே இல்லாத போர்டு எதுவும் கிடையாது. ஆனாலும் சால்டரிங் இல்லாமல் செருகினாலே வேலை செய்வதால், முதல் முறை செய்து பார்ப்பவர்களுக்கு இந்தத் தொகுப்பு ஏற்றது. பிறகு லீவரையும் பட்டனையும் ஒவ்வொன்றாக உயர்த்திக்கொள்ளலாம்.

கேட்டைத் திருப்புவது எப்படி?

ஜேஎல்எப் லீவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

1. யு.எஸ்.பி. ஒயரைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றுங்கள். இது முதல் விதி.

2. பெட்டியின் அடித்தட்டைத் திறங்கள். லீவரின் அடியில் பிளாஸ்டிக் கேட் தெரியும். பக்கத்தில் உள்ள கொக்கிகளை மெதுவாக விடுவித்து அதை எடுங்கள்.

3. உள்ளே உள்ள சதுரத் தகட்டை 45 டிகிரி திருப்பி மீண்டும் பொருத்துங்கள். முன்பு சதுரத்தின் நான்கு மூலைகளும் மூலைத்திசைகளில் இருந்தன. இப்போது அவை மேல், கீழ், இடது, வலது திசைகளுக்கு வந்துவிடும். தண்டு தானாகவே அந்த நான்கு மூலைகளில் போய் நிற்கும். உங்கள் ஸ்டிக் 4 திசை ஸ்டிக் ஆகிவிட்டது.

4. கேட்டை மறுபடி அழுத்திப் பொருத்துங்கள். கொக்கிகள் எல்லாம் மாட்டிக்கொண்டதா என்று பாருங்கள்.

சண்டை விளையாட்டுக்கு மாற வேண்டுமானால் மீண்டும் 45 டிகிரி. எண்கோண வடிவ கேட்டும் தனியாகக் கிடைக்கிறது. அதில் எட்டுத் திசைக்கும் ஒவ்வொரு மூலை இருப்பதால், திசைகளைக் கையால் உணர விரும்புபவர்கள் அதைப் போட்டுக்கொள்கிறார்கள்.

உருண்டைத் தலையை மாற்றுவதும் எளிதே. தண்டின் அடிமுனையில் ஒரு வெட்டு இருக்கும். அதில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் தண்டு சுழலாமல் பிடித்துக்கொண்டு, மேலே உருண்டையை இடப்பக்கமாகச் சுற்றினால் கழன்று வரும். ஸ்பிரிங்கை மாற்றுவதற்குத் தண்டின் அடியில் உள்ள சிறிய கிளிப்பை எடுக்க வேண்டும். இந்தக் கிளிப் துள்ளிப் போய்க் கட்டிலுக்கடியில் மறைந்துவிடும். நான் லீவரை ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டுதான் கிளிப்பை எடுப்பேன்.

பட்டன் மாற்றும்போது

பட்டனின் அடியில் இரண்டு முனைகள் இருக்கும். ஒன்று கிரவுண்டு, மற்றது சிக்னல். எந்த ஒயர் எந்த முனை என்பது இங்கே முக்கியமில்லை. மாறினாலும் பட்டன் வேலை செய்யும். ஆனால் அமெரிக்க வகை மைக்ரோ சுவிட்சில் மூன்று முனைகள் இருக்கும். அதில் 'காமன்', 'நார்மலி ஓப்பன்' இரண்டில் மட்டும் ஒயர் கொடுங்கள். தவறாக 'நார்மலி க்ளோஸ்டு' முனையில் கொடுத்தால் பட்டனைத் தொடாமலே அழுத்தியது போல் இருக்கும்.

ஒயரின் நுனியில் உள்ள கிளிப் அளவையும் பாருங்கள். சான்வா பட்டன்களுக்கு 2.8 மி.மீ.; அமெரிக்க வகை சுவிட்ச்களுக்குப் பெரும்பாலும் 4.8 மி.மீ. பெட்டியின் மேல்தட்டு 2 முதல் 4 மி.மீ. கனம் உள்ள உலோகமோ அக்ரிலிக்கோ என்றால் அழுத்திப் பொருத்தும் பட்டன் போதும். கனமான மரப்பலகை என்றால் நட் போட்டு முடுக்கும் வகையை வாங்குங்கள்.

போர்டை நீங்களே அமைக்கலாம்

சால்டரிங் செய்யத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு நல்ல வழி உண்டு. 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் வெளியான ராஸ்பெர்ரி பை பைகோ என்னும் சிறு போர்டை ஜாய்ஸ்டிக் போர்டாக மாற்றலாம். இதற்கு ஜிபி2040-சிஇ என்ற இலவச சாப்ட்வேர் கிடைக்கிறது.

பைகோவில் உள்ள பூட்செல் பட்டனை அழுத்திப் பிடித்தபடி யு.எஸ்.பி.யில் செருகுங்கள். பென் டிரைவ் போல ஒரு புதிய டிரைவ் கம்ப்யூட்டரில் தோன்றும். பைகோவுக்கான ஜிபி2040-சிஇ பைலை அதில் காப்பி செய்தால் வேலை முடிந்தது. மேல், கீழ், வலது, இடது ஆகியவற்றுக்கு முறையே ஜிபி 2, 3, 4, 5 எண் முனைகள். ஒவ்வொரு சுவிட்சின் ஒரு முனையை அதற்குரிய எண்ணிலும், மறுமுனையைக் கிரவுண்டிலும் இணைக்க வேண்டும். தனியாக ரெசிஸ்டர் தேவையில்லை.

ஓர் எச்சரிக்கை: பைகோவின் இந்த முனைகள் 3.3 வோல்ட்டுக்கானவை. இதே போர்டில் யு.எஸ்.பி.யின் 5 வோல்ட் வரும் முனையும் இருக்கிறது. பட்டன் ஒயரை அங்கே கொடுத்தால் போர்டு கெட்டுவிடும். ஒயர் போட்டு முடித்ததும் ஒரு தடவை முழுவதும் சரிபார்த்த பிறகே கம்ப்யூட்டரில் செருகுங்கள்.

கம்ப்யூட்டரில் சோதித்தல்

ஸ்டிக்கைச் செருகியதும் நேரே விளையாட்டுக்குப் போகாதீர்கள். விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் கட்டத்தில் ஜாய்.சிபிஎல் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். உங்கள் ஸ்டிக்கின் பெயர் பட்டியலில் வரும். அதைத் தேர்ந்தெடுத்து 'பிராப்பர்ட்டீஸ்' கிளிக் செய்தால் சோதனைப் பக்கம் திறக்கும். ஒவ்வொரு திசையையும் பட்டனையும் அழுத்திப் பாருங்கள்.

பழைய ஆர்கேட் விளையாட்டுகளை இயக்கும் மேம் புரோகிராம் 1997-ல் வெளிவந்தது, இன்றும் இலவசமே. ஆனால் புரோகிராம் வேறு, விளையாட்டு வேறு. பெரும்பாலான விளையாட்டுகளுக்குக் காப்புரிமை உண்டு. உரிமையாளரின் அனுமதியுடன் ராபி ரோட்டோ போன்ற சில விளையாட்டுகளை மேம் குழுவின் தளத்திலேயே இலவசமாகத் தருகிறார்கள். அவற்றிலிருந்து தொடங்குங்கள். இறக்கிய ஜிப் பைலை விரிக்காமல் அப்படியே ரோம்ஸ் போல்டரில் வைக்க வேண்டும்.

மேமில் 5 என்ற எண் கீ காசு போடுவதற்கு, 1 என்ற எண் கீ ஆட்டம் தொடங்குவதற்கு. டேப் கீயை அழுத்தினால் மெனு வரும். அதில் இன்புட் செட்டிங்ஸ் சென்று, மாற்ற வேண்டிய வரியில் என்டர் தட்டி, லீவரை அந்தத் திசையில் தள்ளினால் பதிவாகிவிடும். காசு, தொடக்கம் இரண்டையும் சிறிய பட்டன்களுக்குக் கொடுத்துவிட்டால் கீபோர்டு பக்கம் போக வேண்டியதே இல்லை.

அறிகுறி பார்த்துக் குறை அறியுங்கள்

ஒரே ஒரு திசை வேலை செய்யவில்லை என்றால் அதற்குரிய சுவிட்ச் அல்லது ஒயர். நான்கு திசையும் இல்லை என்றால் லீவரின் ஐந்து ஒயர் கொண்ட இணைப்பு கழன்றிருக்கும். வரிசையாகப் பல பட்டன்கள் சேர்ந்தே செத்துவிட்டால், பட்டனிலிருந்து பட்டனுக்குத் தாவிச் செல்லும் கிரவுண்டு ஒயரில் எங்கோ ஓர் இடத்தில் தொடர்பு விட்டிருக்கும். வேலை செய்யும் கடைசிப் பட்டனிலிருந்து தேடத் தொடங்குங்கள். மேலே தள்ளினால் வலது பக்கம் போகிறது என்றால் லீவர் பெட்டியில் திரும்பிப் பொருத்தப்பட்டிருக்கும். அல்லது ஒயர்கள் இடம் மாறியிருக்கும். எதுவும் பழுதில்லை.

சந்தேகமான சுவிட்சை மல்டிமீட்டரால் சோதிக்கலாம். அழுத்தும்போது மட்டும் 'பீப்' ஒலித்தால் சுவிட்ச் நலம். தண்டு அசையும்போது கீச்சிட்டால் பிளாஸ்டிக்குக்கு ஏற்ற சிலிகான் கிரீஸை மிகக் கொஞ்சமாகத் தடவுங்கள். சுவிட்ச் பக்கம் அது போகக்கூடாது.

கடையில் ஸ்டிக்கைப் பார்க்கும்போது வெளியே உள்ள படத்தையும் விளக்கையும் விட்டுவிட்டு, கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஸ்க்ரூ இருக்கிறதா? உள்ளே இருக்கும் பாகங்களின் பெயரைக் கடைக்காரர் சொல்கிறாரா? இரண்டுக்கும் விடை 'ஆம்' என்றால் தைரியமாக வாங்கலாம். அப்படிப்பட்ட ஸ்டிக்கை வீட்டில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டே பல வருடங்கள் ஓட்டிவிடலாம்.