குன்றின் மேல் குடிசைகள்

கர்நாடகத்தில் பல்லாரி மாவட்டம் உள்ளது. அங்கே தெக்கலகோட்டா என்று ஓர் ஊர். ஊருக்குப் பக்கத்தில் கருங்கல் குன்றுகள். பெரிய பெரிய பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்.

சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் குன்றுகளின் மேல் மக்கள் குடியிருந்தார்கள். அவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. பிறகு நமக்கு எப்படித் தெரியும்?

1963-64இல் நாகராஜ ராவ் என்ற ஆய்வாளர் இங்கே மண்ணைத் தோண்டினார். கற்கள் வட்டமாக இருந்தன. கம்பு நட்ட குழிகளும் தெரிந்தன. கம்பும் கூரையும் எப்போதோ மக்கிப் போயின. ஆனால் குழி இருக்கிறது, கல் இருக்கிறது. அதைக் கொண்டு வீட்டின் அளவு தெரிந்தது. வட்டமான குடிசை. தட்டிச் சுவர், அதன் மேல் மண் பூச்சு. உள்ளே அடுப்பு.

என்ன சமைத்தார்கள்? அதற்கும் வழி உண்டு. தோண்டிய மண்ணைத் தண்ணீரில் கரைப்பார்கள். கரிந்த விதைகள் மேலே மிதந்து வரும். இந்தப் பகுதிக் குன்றுகளில் அப்படிக் கிடைத்தவை கொள்ளு, பாசிப்பயறு, சிறுதானியங்கள். இன்றும் நம் அடுக்களையில் இருப்பவைதான்! மாடும் ஆடும் வளர்த்தார்கள். இறந்துபோன பச்சைக் குழந்தைகளைப் பானையில் வைத்து, வீட்டுக்குள்ளேயே புதைத்தார்கள். தள்ளி வைக்க மனம் வரவில்லை போலும்.

அதே மாவட்டத்தில் சங்கனகல்லு என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள ஹிரேகுட்டா குன்றில் கல் கோடரி செய்தார்கள். கறுப்புக் கல்லை உடைத்து, பாறையில் தேய்த்துக் கூராக்கினார்கள். தேய்த்த பள்ளங்கள் பாறையில் பதிந்திருக்கின்றன.

இந்தக் குன்றைக் கல் குவாரிகள் அரித்துவிட்டன. 2004இல் ஆய்வாளர்கள் இதைப் பற்றி எச்சரித்தார்கள். குவாரி வேலையை நம்பிப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன, உண்மைதான். ஆனால் ஜல்லிக்கு வேறு குன்று கிடைக்கும். இந்தப் பள்ளங்கள் வேறு எங்கே கிடைக்கும்?

கிணறு வெட்டும்போதோ உழும்போதோ வட்டமாக வைத்த கற்களும் பழைய பானையும் தென்படலாம். அவற்றைப் பெயர்த்து எடுக்க வேண்டாம். கல் இடம் மாறினால் வீட்டின் அளவு தெரியாமல் போய்விடும். அப்படியே விட்டுவிட்டு, கிராம அதிகாரியிடமோ தாலுகா அலுவலகத்திலோ சொல்லுங்கள். அவர்கள் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பார்கள்.